பெறுநர் இல்லாத செய்திகள்

அக்கா சாயங்காலம் போய்விடுவாள். போகாதே என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதென்றால் மாடியிலிருந்து இறங்க வேண்டும், கூடத்தைத் தாண்ட வேண்டும், அவள் துணி அடுக்கிக்கொண்டிருக்கும் அறை வாசலில் நின்று வாயைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பல் பூத்துப்போன இரண்டு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று படம் காட்டுகிற நிரல், மற்றது கோப்புகளை அடுக்கிக் காட்டுகிற நிரல். இரண்டும் அசையவில்லை. செத்துப்போகவும் இல்லை, செத்திருந்தால் நல்லது, மறுபடி திறந்துகொள்ளலாம். காத்திருக்கின்றன. படம் காட்டுகிறவன் கோப்புக்காரனிடம் அடுத்த படம் எது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வேறெதையும் காதில் வாங்குவதில்லை என்று உட்கார்ந்துவிட்டான். அதே கணத்தில் கோப்புக்காரன் இவனிடம், இந்தப் படத்தைத் திருப்பினாயா, திருப்பியதைச் சேமித்தாயா என்று கேட்டிருக்கிறான், அவனும் பதில் வரும்வரை எதையும் கேட்பதில்லை. இருவர் மேலும் தப்பில்லை, இருவரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள், கேட்டதனாலேயே செவிடானார்கள். நேற்றே இதைக் கண்டுபிடித்துவிட்டேன். திருத்தமும் தெரியும், கேட்டுவிட்டு நின்றுகொண்டிருக்காதே, உன் வேலையைப் பார், பதில் வரும்போது வரட்டும், நடுவில் யாராவது கூப்பிட்டால் என்னவென்று கேள். நாலைந்து வரிதான். எழுதவில்லை. கீழே பீரோ கதவு கிறீச்சிடுகிறது, அது மேல்தட்டா கீழ்த்தட்டா என்று காது தானாகப் பிரிக்கிறது, மேல்தட்டு, அப்படியென்றால் குளிர்காலப் போர்வை, அப்படியென்றால் மார்கழிக்கும் அங்கேதான். காரைக்காலில் ரோஸ்லின் டீச்சர் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அக்காவும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார்களாக இருந்து ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர்கள். இனி அங்கேதான். இது எனக்குத் தெரியும். ஆனால் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, சிக்கல் அங்கேதான் இருக்கிறது, சொல்லாத செய்திக்கு என்ன பதில் சொல்வது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது.

என் வேலை இதுதான், ஒரே கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற நிரல்கள் ஒன்றோடொன்று பேச வழி செய்வது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே திரையில் தோளுரசிக் கிடப்பதுபோல் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றும் தனித்தனி அறை, ஜன்னல் என்று பெயர்தானே தவிர அதன் வழியே பக்கத்து அறையை எட்டிப் பார்க்க முடியாது, பார்க்கப் போனால் அந்தக் கணமே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். பேச வேண்டுமானால் நடுவில் ஓடுகிற பொதுவழியில் செய்தியை ஏற்றிவிட வேண்டும், அந்த வழிக்கு எங்கள் தொழிலில் பஸ் என்று பெயர். பிரான்சிலிருந்து திரும்பி வந்த புதிதில் அக்கா கேட்டாள், "நாள் பூரா மேல உக்காந்து என்னதான்டா பண்ற?" விளக்கினேன். பஸ், செய்தி, பெயர், பதில். மறுநாள் எதிர்வீட்டு லூர்து அம்மாளிடம் அவள் சொன்னது மாடிக்குக் கேட்டது, "தம்பிக்கு பஸ்லதான் வேலையாம். பிரான்சு பஸ்ஸு. வீட்லேந்தே ஓட்றான்." லூர்து அம்மாள், "அப்ப ஓசியில வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லு" என்றாள். அக்கா செய்தது கேலியா, அப்படித்தான் புரிந்துகொண்டாளா, இன்றுவரை தெரியாது. "யாருடா கண்டக்டர்?" என்று பிறகொரு நாள் அக்கா கேட்டாள், அதற்குச் சிரித்தேன், சிரித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் கண்டக்டர் ஒருவர் உண்டு, எந்தச் செய்தி யாருக்கு என்று பார்த்து இறக்கிவிட நடுவில் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் அது அம்மா. பிரான்சில், கிரெனோபிளில் இருந்த காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் செய்வேன், அம்மா எடுப்பாள், "அக்கா கேக்குறா, குளுருக்குப் போட்டுக்க ஏதாவது இருக்கான்னு" என்பாள், "இருக்குன்னு சொல்லும்மா" என்பேன், "இருக்காம்" என்று அம்மா திரும்பிச் சொல்வது கேட்கும், அதற்குப் பின்னால் அக்கா ஏதோ முணுமுணுப்பதும் கேட்கும், அவள் போனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள், ஆனால் போனை வாங்க மாட்டாள், கொடு என்று நானும் சொன்னதில்லை. அப்படியே வருஷங்கள். அம்மா போனபோது அடக்கத்துக்கு வந்து கூடத்தில் நின்றோம், நானும் அவளும், எனக்கு அவளிடம் கேட்க ஏதோ இருந்தது, அவளுக்கும் இருந்திருக்கும், இருவர் கண்களும் அம்மாவைத்தான் தேடின, அம்மா நடுக்கூடத்தில் கை கோத்து ஜெபமாலையோடு படுத்திருந்தாள்.

பஸ்ஸில் செய்தி இரண்டு விதம். ஒன்று பெயர் போட்டு அனுப்புவது, அனுப்புநர், பெறுநர் எல்லாம் சரியாக, பள்ளிக்கூடக் கடிதம் மாதிரி, அதற்குப் பதில் வந்தாக வேண்டும். மற்றது பெறுநர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லாமல் சும்மா விடுவது, பேட்டரி குறைகிறது, வயரைப் பிடுங்கிவிட்டார்கள், திரை இருட்டாகப் போகிறது. கேட்க வேண்டியவன் காதை வைத்திருப்பான், கேட்டானா என்று விட்டவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கிரெனோபிளில் முதன்முதலாக இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது சுற்றியிருந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள், யாருக்கென்று சொல்லாமல் எதற்குப் பேசுவது என்றார்கள், எனக்கு மட்டும் அதில் புரியாதது எதுவும் இல்லை. ஜாடை. எங்கள் வீடு முழுக்க அதில்தான் ஓடியது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா, முத்தியால்பேட்டையில் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு சொல்தா உண்டு. அம்மா அவரிடம் நேராக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உப்புத் தீர்ந்தால் சுவரில் இருக்கும் அந்தோணியார் படத்தைப் பார்த்து, "அந்தோணியாரே, உப்பு ஜாடி காலியாக் கெடக்குதே, யார்கிட்ட சொல்லுவேன்" என்பாள். அப்பா செய்தித்தாளை மடிப்பார், பையை எடுப்பார், போவார். உப்பு வரும். அம்மா அந்தோணியாருக்கு நன்றி சொல்வாள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் மதில்மேல் காக்காயிடம், "உனக்காச்சும் ஒரு வாய் காப்பி குடுத்தாங்களா?" என்பார், உள்ளேயிருந்து டம்ளர் வரும். பிள்ளைகளைப் பங்கு பிரித்ததுபோல் என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கும் அக்காவைத் தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்பினார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் மேடமுவசேல் என்று நாங்கள் கூப்பிடும் டீச்சர் ஒருத்தி என் மோவாயை நிமிர்த்தி, என்னைப் பார்த்துப் பேசு, என்ன வேண்டும் சொல், வாக்கியமாகச் சொல் என்பாள். அங்கே என் பெயர் இஞாஸ். வீட்டில் இஞ்ஞாசி. இஞாஸ் என்று கூப்பிட்டால் திரும்புகிறவனுக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியும், இஞ்ஞாசிக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி தூக்கத்தில் தண்ணீருக்குத் தவிப்பவன் இஞ்ஞாசிதான். க்ளேரைக் கல்யாணம் செய்தது இஞாஸ், அவளோடு குடித்தனம் செய்தது இஞ்ஞாசி. குளிரும், ஜன்னல் திறந்திருக்கிறது போலிருக்கிறதே என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன், ஆமாம் திறந்திருக்கிறது என்பாள் அவள், உண்மையைத்தானே சொல்கிறாள், புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள், நான் மனம் புண்பட்டுக் குளிரிலேயே இருப்பேன். அவள் போவதைக்கூட மேசைக்கு எதிரே உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, முழு வாக்கியத்தில் சொன்னாள். நான் மேசையைப் பார்த்து, குளிர்காலத்தில் வீடு மாற்றுவது கஷ்டம் என்றேன். போகாதே என்பதற்கு என்னிடம் இருந்த சொல் அது. ஆமாம், கஷ்டம்தான், என்றாள்.

கீழே சத்தம் நின்றுவிட்டது. நிற்கும்போதுதான் பயமாக இருக்கிறது. காதில் மாட்டும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன், இப்போதெல்லாம் மாட்டுவதே இல்லை, வந்த புதிதில் எப்போதும் மாட்டியிருந்தேன், அப்போது அவள் படிக்கட்டுக்குக் கீழே நின்று, "காப்பி ஆறுது" என்பாளாம், "சிலருக்கு மழ பேஞ்சாலும் தெரியாது, கொடியில துணி நனையுது" என்பாளாம், பெயர் சொல்ல மாட்டாள், சத்தம் போடவும் மாட்டாள், கூடத்துக்கு என்ன கேட்குமோ அவ்வளவுதான். எனக்குக் கேட்கவில்லை. கேட்ட சில நாளும் காப்பி ஆறுகிறதென்றால் ஆறுகிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன், க்ளேர் மாதிரி. இத்தனை வருஷத்தில் காது மழுங்கிவிட்டது. பிறகு மெல்ல மெல்ல வந்தது, மறந்த நீச்சல் வருவதுபோல. அப்புறம் விடாமல் வந்தது. அவள் தண்ணீர் மோட்டாரை அணைக்கும் விதத்தில் செய்தி, குக்கர் மூடியை வைக்கும் விதத்தில் செய்தி, லூர்து அம்மாளிடம் "எங்க வீட்ல ஆள் இருக்கிறதே தெரியாது" என்றால் அதற்கு மூன்று அர்த்தம், மூன்றையும் ராத்திரி புரட்டிப் பார்ப்பேன். போன வாரம் போனில் ரோஸ்லினிடம், "சனிக்கெழம வந்துர்றேன்டி, இனிமே இங்க என்ன இருக்கு" என்றாள், நான் படியில் நின்றேன், அவளுக்கு என் கால் தெரியும் இடத்தில். ஆட்டோ புஷ்பராஜிடம் வாசல் கேட் பக்கத்தில், "சனிக்கெழம சாயங்காலம் வந்துரு, பஸ் ஸ்டாண்டுக்கு, பெட்டி கனமா இருக்கும்" என்றாள், நான் பால் பாக்கெட்டோடு பக்கத்தில் நின்றேன். திரும்பி என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். புஷ்பராஜ்தான் பார்த்தார். இவை போதாதென்று பூனை. ஒரு சாம்பல் பூனை, பெயர் கிடையாது, ஏய் என்றால் வரும். முந்தாநாள் அதனிடம், "ஒரே எடத்துல எத்தன நாள்தான் கெடப்ப? கெளம்பு. வேற நல்ல எடமா பாத்துக்க" என்றாள். குரல் கடுமையாக இல்லை, அதுதான் குத்தியது. யாரைக் கிளம்பச் சொல்கிறாள்? ஒரே இடத்தில் கிடப்பது நான்தான். அப்படியானால் அவள் போவது என்னால், நான் போய்விட்டால் அவள் இருப்பாள். அல்லது தனக்கே சொல்லிக்கொள்கிறாள், இப்படிச் சொன்னால் தம்பி வந்து தடுப்பான் என்று எதிர்பார்க்கிறாள். இரண்டு நாளாக இந்த ஒரு வாக்கியத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். இரண்டில் எது என்று தெரியாமல் எப்படி இறங்குவது. போகாதே என்றால், உன்னைத்தானே போகச் சொன்னேன் என்றுவிட்டால்?

மதியம் "சாப்டியா?" என்றாள். "ம்" என்றேன். மீன் குழம்பு தட்டு போட்டு மூடியிருந்தது, அவள் முன்னமே சாப்பிட்டுவிட்டாள், கொடுவா மீனின் நடுத்துண்டு இரண்டும் எனக்கிருந்தது, அதுவும் செய்தியா, இல்லை மீன் மட்டும்தானா. ஒரு நிரலில் நகல் எடுத்து இன்னொன்றில் ஒட்டுகிறோமே, அதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நான் வேலை பார்க்கிற அமைப்பில் நகல் எடுக்கும்போது எதுவும் நகலாவதில்லை. எடுத்த நிரல் சும்மா கையைத் தூக்குகிறது, என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் கேட்கலாம் என்று. ஒட்டும்போதுதான் அடுத்தவன் போய்க் கேட்கிறான், முதல் கேள்வி, எந்தெந்த வடிவத்தில் தருவாய். இவன் பட்டியலைச் சொல்கிறான், வண்ணத்தோடு, எழுத்தலங்காரத்தோடு, படமாக, வெறும் எழுத்தாக. அவனுக்கு எது படிக்கத் தெரியுமோ அதை வாங்கிக்கொள்கிறான், பெரும்பாலும் வெறும் எழுத்தில்தான் வந்து நிற்கும். எனக்கும் அக்காவுக்கும் பொதுவான வடிவம் சாப்டியா. அதில் என்னத்தைப் போட்டாலும் சாப்டியா என்றுதான் போய்ச் சேரும். இது பரவாயில்லை. இந்த அமைப்பைப் பயன்படுத்துகிறவர்களில் வாரம் ஒருவராவது எனக்கு எழுதுகிறார், நகல் எடுத்தேன், ஜன்னலை மூடினேன், ஒட்டினால் வெறுமையாக இருக்கிறது, எங்கே போனது என்று. எங்கேயும் போகவில்லை ஐயா, எங்கேயும் வரவே இல்லை, கையைத் தூக்கியவன் மூடிப்போனான், அவனோடு போயிற்று, இது கோளாறு அல்ல, இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று பதில் எழுதுவேன். அம்மா போனை வைப்பதற்கு முன்னால் என் பெயரை ஒரு மாதிரி இழுப்பாள், இஞ்ஞாசி என்பதில் கடைசி எழுத்தில் ஏதோ செய்வாள், அது என்னிடம் இருக்கிறதென்றே நினைத்திருந்தேன், எத்தனை ஞாயிறு கேட்டது. அடக்கம் முடிந்து விமானத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒட்டப் போன இடத்தில் துடிக்கிற கோடு மட்டும் நிற்கிறது. அக்காவிடம் இருக்கும். என்னை இஞ்ஞாசி என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்தி. அவள் காரைக்காலுக்குத்தானே போகிறாள், சாகவா போகிறாள், பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம், எனக்குத் தெரியாதா, ஆனால் உடம்புக்குத் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் மோட்டார் ஓடாது. குக்கர் கத்தாது. கிரெனோபிளில் கடைசி வருஷம் சில நாட்களில் சாயங்காலம் பார்சல் கொண்டுவருகிறவனிடம்தான் முதல் வார்த்தை பேசுவேன், தவளை மாதிரி வரும், அவன் பயந்து என்னைப் பார்ப்பான். குளியலறையில் வழுக்கி விழுந்தால் எந்தச் சத்தம் எவருக்குக் கேட்கும். இங்கே வந்தது எதற்கு, சத்தம் போட ஒரு வீடு வேண்டுமென்றுதானே, வந்து மாடியில் உட்கார்ந்து ஒன்றரை வருஷம் சத்தம் போடாமல் இருந்துவிட்டு.

வாசலில் ஆட்டோ எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டு நிறுத்துகிற சத்தம். புஷ்பராஜ் ஹாரன் அடிக்க மாட்டார். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, படியில் பாதியில் இருக்கிறேன், லுங்கியை மடித்துக் கட்டியதை அவிழ்த்துவிடுகிறேன், அக்கா முன்னால் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. அவள் கூடத்தில் நிற்கிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாட்களின் இறுக்கமான கொண்டை, தோளில் பை, கையில் குடை. என்னைப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்து, "புஷ்பராஜு, பெட்டிய எடுத்துக்க" என்றாள். வாயைத் திறந்தேன். வார்த்தை வந்தது, ஆனால் திரும்பி புஷ்பராஜிடம் போயிற்று. "மழ வரும் போலருக்கே, இந்த நேரத்துல காரைக்கால் வண்டியில எடம் இருக்குமா?" புஷ்பராஜ் வெளியே எட்டிப் பார்த்தார். "மழயா? வெயிலு மண்டையப் பொளக்குது சார்." அக்கா அவரிடம், "சீட்டு போட்டாச்சுன்னு சொல்லு" என்றாள். "சீட்டு போட்டாச்சாம் சார்." "தனியா அவ்ளோ தூரம் போவணுமேன்னு பாத்தேன்." "தனியா இருந்து பழக்கந்தான்னு சொல்லு." புஷ்பராஜ் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சர், நான் பொட்டி தூக்கத்தான் வந்தேன். இதையும் சேத்துத் தூக்கணும்னா மீட்டருக்கு மேல ஆவும்" என்றார், பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கூடத்தில் நடுவில் ஒருவரும் இல்லை. எவ்வளவு பெரிய கூடம் இது. "அக்கா" என்றேன். அவள் குடையின் பட்டனைப் போட்டு எடுத்தாள். "போகாத." சொல்லிவிட்டேன், இவ்வளவு சின்னதா அது, எங்கேயும் இடிக்காமல் வந்துவிட்டது. அவள், "ஏன்?" என்றாள். இதை நான் யோசிக்கவே இல்லை. போவேன், போகமாட்டேன் இரண்டுக்கும் தயாராக இருந்தேன், ஏன் என்பதற்கு இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். "நீ பூனகிட்ட சொன்னது கேட்டுச்சு. நான்தான் வேற எடம் பாக்கணும்னா பாத்துக்குறேன், இது உன் வீடு." அவள் முகம் ஒன்றும் புரியாமல் சுருங்கியது. "பூனகிட்ட என்ன சொன்னேன்?" "ஒரே எடத்துல எத்தன நாள் கெடப்ப, கெளம்புன்னு." சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று அவளிடமிருந்து வந்தது. "அடப்பாவி. அது செனையா இருக்குடா. பீரோ அடித்தட்டுல என் பொடவ மேல படுத்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேன்னுச்சு. பூனகிட்டத்தான்டா சொன்னேன்." "எனக்கு இல்லியா?" என்று கேட்டேன், கேட்கும்போதே குழந்தைத்தனமாக இருந்தது. "உனக்குச் சொல்றத விட்டு எவ்வளவோ நாளாச்சு, இஞ்ஞாசி." கோபமில்லாமல் சொன்னாள், கொடியில் துணி காய்ந்துவிட்டது என்பதுபோல. அப்படியென்றால் குக்கர் குக்கர்தான், மோட்டார் மோட்டார்தான், லூர்து அம்மாளிடம் சொன்னது லூர்து அம்மாளுக்குத்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எனக்கென்று எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை.

"ஏன் போவக் கூடாது, அதச் சொல்லு" என்றாள் மறுபடி. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படர ஆரம்பித்திருந்தது, எப்போதிலிருந்து. "பயமா இருக்கு" என்றேன். "எனக்கும் இருந்துச்சு. நீ மேல இருக்கையிலயே." பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். "ரோஸ்லின் வாயாடிடா. காலையில ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. நான் பேசாம இருந்தா தோளப் புடிச்சு உலுக்குவா, ஏன்டி வாய்ல கொழுக்கட்டையான்னு கேப்பா. எனக்கு அது வேணும். நான் போறேன்." போறேன் என்று சொன்னாள், எனக்கு, என் முகத்தைப் பார்த்து. போய்ட்டு வர்றேன் என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள், அபசகுனம், தமிழ் வாத்தியாருக்கு அது தெரியாதா. வேண்டுமென்றேதான் சொன்னாள், நான் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. படியிறங்கிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்தாள். புடவை கொசுவத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். புஷ்பராஜ் கைப்பிடியை இழுத்தார், எஞ்சின் பிடிக்கவில்லை, இரண்டாம் முறை இழுத்தார். நான் வாசலில் நிற்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன், நான் கேட்டதற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள், இனி கையசைக்கலாம், உள்ளே போகலாம், மாடிக்குப் போகலாம். உள்ளே இருட்டு எனக்குப் பின்னால் நிற்பது முதுகில் தெரிகிறது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் கால் எதையோ மிதித்தது, ஆட்டோவின் இரும்பு விளிம்பு, வெயிலில் கிடந்து சுட்டது, செருப்பு போடவில்லை. "சார் எங்க?" என்றார் புஷ்பராஜ் கண்ணாடியில் பார்த்து. "பஸ் ஸ்டாண்டுக்கு" என்றேன். "அதான் தெரியுதே, நீங்க எங்கன்னு கேட்டேன்." "பஸ் ஸ்டாண்டுக்குத்தான்." அக்கா நடுவில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைத்தெருவைத் தாண்டும்போது சத்தம் அதிகமாக இருந்தது, பக்கத்தில் லாரி, முன்னால் மாதாகோயில் ஒலிபெருக்கியைச் சோதிக்கிறவன் ஒன்று இரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தான், அக்கா ரோட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது தெரிந்தது. யாரிடம் சொன்னாள், புஷ்பராஜிடமா, தனக்கேவா, ரோட்டிடமா. பழைய வேகத்தில் மனம் ஓட ஆரம்பித்தது, உதட்டின் அசைவிலிருந்து, குடையைப் பிடித்திருந்த விரல்களிலிருந்து. நிறுத்தினேன். குனிந்து அவள் காதருகே கத்தினேன், "என்ன சொன்ன?" அவள் திரும்பினாள். "ஒண்ணுமில்ல." "கேக்கல அக்கா. திருப்பிச் சொல்லு." லாரி போய்விட்டது. எங்களுக்கு நடுவில் காற்று மட்டும் இருந்தது. "கேட்டப் பூட்டுனியான்னு கேட்டேன்" என்றாள்.

"இல்ல" என்றேன். கதவையும் பூட்டவில்லை.

புஷ்பராஜ் வேகத்தைக் குறைத்து, திருப்பவா என்பதுபோல் கண்ணாடியில் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சரி, விடு" என்றாள்.